சென்னை மேசையா, வேதாரண்யம் உப்பளமா, வீட்டு மடிக்கணினியா?

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பியிருந்தாள். நான்கும் இன்டர்ன்ஷிப் அறிவிப்புகள். அவள் திருவாரூரில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு மாதமாவது ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்து வேலை பார்த்து, ரிப்போர்ட் எழுதிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். பிளாக் பிளேஸ்மென்ட் என்பார்கள். படங்களுக்குக் கீழே ஒரே வரி: "எதுக்குக்கா போவட்டும்? நாளைக்குள்ள சொல்லு."

நாளைக்குள் சொல்ல முடியவில்லை. 2019 மே மாதம் இதே கேள்வியோடு நானும் நின்றேன். அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. லோகோ எங்கே பெரிதாக இருந்ததோ அங்கே போனேன். போனது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. எதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று தெரியாமல் போனதுதான் தப்பு. அவளுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டெல்டாவில் இருந்து இந்தத் துறைக்கு வருகிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவலாம்.

நான்காவது படத்தை முதலில் முடித்துவிடுகிறேன். "உங்கள் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பிக்கிறது. ஒரு மாதத்தில் இத்தனை ஆயிரம் ரூபாய் நன்கொடை திரட்டித் தந்தால் சான்றிதழ், அதற்கு மேல் திரட்டினால் பரிந்துரைக் கடிதம் என்று முடிகிறது. இதற்குப் பெயர் வசூல். அந்தப் பணத்தை யார் தரப்போகிறார்கள்? மாமா, அத்தை, கூடப் படிக்கிறவர்கள், பழைய டீச்சர். உறவுக்காரர்களை ஒரு சுற்று சுற்றி வந்தால் இலக்கு முடிந்துவிடும். உங்களுக்கு ஒரு வேலையும் தெரிந்திருக்காது. பதிவுக் கட்டணம் கேட்கிற இடங்களும் இதே ரகம். பட்டியலில் இருந்தே அடித்துவிட்டேன்.

சித்தப்பா கேட்ட ஒன்றையும் சேர்த்து அடித்தேன். "மத்திய அரசு மாசம் அஞ்சாயிரம் குடுக்குதாமே, அதுல சேந்தா என்ன?" என்றார். அவர் சொன்னது 2024 அக்டோபரில் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். தொடங்கியபோது இருந்த விதிப்படி, பெரிய கம்பெனிகளில் ஓராண்டு இருக்க வேண்டும். முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது. முதுகலைப் பட்டம் வாங்கியவர்களும் சேர முடியாது.

மிச்சம் மூன்று. முதலாவது, சர்வதேச உதவி நிறுவனம் ஒன்றின் சென்னை அலுவலகம். பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மாதம், ஸ்டைபெண்ட் கிடையாது, மதியச் சாப்பாடும் பஸ் செலவும் தருவார்கள். இரண்டாவது, வேதாரண்யம் பக்கத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். மொத்தமே ஒன்பது பேர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பணத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கும் மீன் விற்கிற பெண்களுக்கும் நடுவே வேலை செய்கிறார்கள். ஒரு மாதம், 3,000 ரூபாய். மூன்றாவது, வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் செய்கிற தன்னார்வ வேலை.

சென்னை அலுவலகத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் போனது அப்படிப்பட்ட இடத்துக்குத்தான். அங்கே போகிறவர்கள் மனதில் ஒரு படம் இருக்கும்: ஜீப், வெள்ளம், கையில் ஒரு பொட்டலம், எதிரே ஒரு குழந்தை. போன முதல் நாளே அது கலைந்துவிடும். நாள் முழுவதும் மேசைதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதவி நிறுவனம் என்பதில் பெரும்பகுதி மேசை வேலைதான், அதைத் தெரிந்துகொள்வதும் படிப்பே. ஒரு பேரிடர் முகாமில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிடம் என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஸ்பியர் அளவுகோல்களை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். அதைப் பார்க்கும்வரை நிவாரணம் என்றால் கிடைத்ததைக் கொடுப்பது என்றே நினைத்திருந்தேன். நன்கொடையாளருக்கு ரிப்போர்ட் எப்படி எழுதுகிறார்கள், பட்ஜெட்டில் ஒரு வரியை இன்னொரு வரிக்கு மாற்ற எத்தனை மின்னஞ்சல் போகிறது, கோபோ என்கிற சர்வே செயலியில் கேள்வித்தாள் எப்படிச் செய்கிறார்கள், இதையெல்லாம் ஊரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

ஆனால் என்னிடம் கேட்டால், அந்த இரண்டு மாதத்தில் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சம்பவத்தில்தான். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. ஆறு மாதம் கழித்து நான் போனபோது, வாழ்வாதார உதவிக்கான பயனாளிகள் பட்டியலை எக்செல்லில் சரிபார்க்கச் சொன்னார்கள். ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தால் சிறு விவசாயி கணக்கில் வராது, நீக்கிவிட வேண்டும். ஃபில்டர் போட்டு நீக்கிக்கொண்டே வந்தேன். ஒரு ஊர் வந்ததும் கை நின்றது. ஆறு ஏக்கர், ஏழு ஏக்கர், ஒன்பது ஏக்கர் என்று வரிசையாக இருக்கிறது. வீடு என்ற கட்டத்தில் குடிசை. தொழில் என்ற கட்டத்தில் விவசாயம், அதோடு கூலி. ஒன்பது ஏக்கர் வைத்திருப்பவர் எதற்குக் கூலிக்குப் போகிறார்?

அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். "மா கணக்குல சொல்லியிருப்பாங்கம்மா" என்றார்.

எங்கள் பக்கம் நிலத்தை மா கணக்கில் சொல்வதுதான் வழக்கம். நூறு குழி ஒரு மா, மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. சர்வேக்குப் போன பெண் வெளியூர். விவசாயி "ஆறு மா" என்று சொல்ல, அவள் காதில் அது "ஆறும்மா" என்று விழுந்திருக்கிறது. மரியாதையாகப் பதில் சொல்கிறார் என்று நினைத்து ஏக்கர் கட்டத்தில் ஆறு என்று போட்டுவிட்டாள். இரண்டு ஏக்கர்க்காரர் ஆறு ஏக்கர்க்காரராகிப் பட்டியலை விட்டு வெளியே போய்விட்டார். ஒருவர் இருவரில்லை, அந்த ஊர் முழுக்கவே அப்படி. சொன்னதும் அலுவலகத்தில் போன் போட்டு விசாரித்தார்கள், சரிசெய்தார்கள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வித்தாளைச் செய்தவர் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து ஒரு டீ குடித்திருந்தால் அந்தக் கட்டத்தை அப்படி வைத்திருக்க மாட்டார்.

இந்தக் கதையை நான் இரண்டு பக்கமும் சொல்வேன். களத்தில் ஊர் தெரியாத ஆள் செய்த பிழை இது. அதைப் பிடித்ததோ சென்னையில், ஏசி அறையில், ஊர் தெரிந்த ஆள். டெல்டாப் பிள்ளைகள் பெரிய அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போக வேண்டும், ஆனால் ஊரைக் கொஞ்சம் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சும்மா ஊரில் பிறந்ததால் ஊர் தெரிந்துவிடாது. மா கணக்கு எனக்கே அப்பா சொல்லித்தானே உறைத்தது.

சரி, 2019இல் இருந்த வழி இப்போது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி உள்ளூரில் கூட்டாளியாக இருக்கிற சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதனால் சென்னையில் சேர்ந்த இன்டர்னை இரண்டு வாரம் நாகப்பட்டினம் பக்கம் அனுப்பிவைப்பது சாதாரணம். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். எஃப்சிஆர்ஏ என்று இந்தத் துறையில் காலையும் மாலையும் உச்சரிப்பது இதைத்தான். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 சதவீதம் ஆனது. பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக்குத்தான் வர வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களுக்கும் சிக்கல் வந்தது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவின் பதிவு 2021 கடைசியோடு புதுப்பிக்கப்படாமல் போனது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆக, பெரிய நிறுவனத்தின் சென்னை மேசைக்கும் நம் ஊர்க் களத்துக்கும் நடுவே இருந்த பாலம் பாதி இடிந்துவிட்டது. "ஃபீல்டு விசிட் உண்டு" என்று அறிவிப்பில் போட்டிருந்தாலும், எந்த ஊர், எத்தனை நாள், யாரோடு என்று கேட்டு எழுத்தில் வாங்காமல் நம்பாதே என்று அவளிடம் சொன்னேன். ஒரே நாளில் போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்புவதையும் விசிட் என்றுதான் சொல்வார்கள்.

வேதாரண்யத்து நிறுவனத்துக்கு சொந்தமாகவே எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ இணையதளத்தில் பார்த்தோம். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்கிற நிதி ஆயோக்கின் தர்பன் தளத்திலும் பெயர் இருந்தது. இது ஐந்து நிமிட வேலை. சின்ன இடத்துக்குப் போகிற யாரும் இதைப் பார்க்காமல் போகக் கூடாது.

இனி மாதக் கணக்கு. மே மாதத்தில் டெல்டாவில் என்ன இருக்கிறது, வயல் வெடித்துக் கிடக்கிறது, மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால்தான் உயிர் வரும், இப்போது களப்பணிக்குப் போய் என்ன பார்ப்பது என்று அவளுடைய தோழி ஒருத்தி கேட்டாளாம். நெல்லை மட்டும் பார்த்தால் சரியான கேள்வி. கடற்கரைக்குப் போனால் மே மாதம்தான் வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். ஆண்கள் வலை பின்னிக்கொண்டோ படகு மராமத்து பார்த்துக்கொண்டோ வீட்டருகில் இருப்பார்கள். மீன் விற்கிற பெண்களுக்கு வருமானம் சுருங்கி, கடன் ஏறுகிற காலமும் இதுதான். குடும்பப் பொருளாதாரம் என்று பாடத்தில் படிப்பது கண்ணெதிரே நடக்கும். உப்பளத்தில் நேர்மாறு, வெயில் ஏற ஏற உப்பு விளையும், அகஸ்தியம்பள்ளி பக்கம் வேலை உச்சத்தில் இருக்கும். விடிவதற்கு முன்னே அளத்தில் இறங்கிவிடுவார்கள், பத்து மணிக்கு மேல் போனால் பேச ஆள் கிடைக்காது. 1930இல் ராஜாஜி திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பெடுத்தது இங்கேதான் என்று எல்லாருக்கும் தெரியும். அதே அளத்தில் இன்று உப்பு வாருகிறவர்களின் பாதத்தை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

அப்புறம் பட்டியல். எந்த உதவி நிறுவனத்திலும் கடைசியில் எல்லாம் வந்து நிற்பது பட்டியலில்தான்: யார் உள்ளே, யார் வெளியே. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகத்தின் எல்லா மூலையில் இருந்தும் நிறுவனங்கள் வந்து குவிந்தன. அவர்களை ஒருங்கிணைக்கவே நாகப்பட்டினத்தில் தனி மையம் வைக்க வேண்டியிருந்தது. நிவாரணம் பெரும்பாலும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியாகப் போனது. அது வேகமாகப் போகவும் உதவியது. ஆனால் பஞ்சாயத்துக் கணக்கில் வரி கட்டுகிற தலைக்கட்டாக ஆண்தான் இருப்பார். தனியாக வாழ்கிற பெண்கள் விடுபட்டார்கள். கரையில் கூலி வேலை செய்த, மீனவர் அல்லாத தலித் குடும்பங்கள் பல இடங்களில் விடுபட்டன. வயல்பக்கம் வந்தால் வேறு மாதிரி. பயிர் அழிந்தால் நிவாரணத்துக்கு விஏஓ தருகிற அடங்கல் என்ற பயிர்ப் பதிவு வேண்டும். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்கிறவர் பெயர் அதில் இருக்காது. உழுதவர் ஒருவர், காசு வாங்குபவர் இன்னொருவர். இந்த மாதிரி விஷயங்களை மேசையில் இருந்து ஒருநாளும் பார்க்க முடியாது. ஒரு தெருவில் பட்டியலை உரக்கப் படிக்கும்போது, கடைசி வீட்டுப் பாட்டி "எம் பேரு எங்க?" என்று கேட்டால்தான் தெரியும்.

இவ்வளவு சொன்னதும் சித்தி மகள், "அப்ப வேதாரண்யமே போயிடுறேன்" என்றாள். பொறு என்றேன்.

சின்ன நிறுவனத்தின் சிக்கல்கள் வேறு. அங்கே பெரும்பாலும் ஒருவரே எல்லாம். அவர் நல்லவராக இருந்தால் ஒரு மாதத்தில் ஐந்து வருடப் பாடம் கிடைக்கும். அப்படி இல்லை என்றால் நீங்கள் அவருக்கு இலவசமாகக் கிடைத்த டைப்பிஸ்ட். படித்த பிள்ளை, இங்கிலீஷ் தெரியும் என்று தெரிந்ததும், நன்கொடையாளருக்குப் போக வேண்டிய பழைய ரிப்போர்ட்டையெல்லாம் தூக்கி மேசையில் வைப்பார்கள். வேதாரண்யம் போய் சென்னை வேலையைச் செய்துவிட்டு வருவதில் என்ன லாபம்? என்னோடு படித்த ஒருத்திக்கு இதுதான் நடந்தது. ஒரு மாதம் முழுக்கத் தையல் மிஷின் வழங்குகிற விழாவுக்கு அழைப்பிதழ் அடித்து, பேனர் பார்த்து, விருந்தாளிக்குச் சால்வை வாங்கிக்கொண்டு வந்தாள். எந்த ஊருக்கும் போகவில்லை.

இன்னொன்று, இதை வெளிப்படையாகப் பேச மாட்டோம். நிறுவனத்தின் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது, பணியாளர்கள் எந்தத் தெருவில் இருந்து வருகிறார்கள், எந்தத் தெருவுக்குப் போவதே இல்லை என்று பார்க்க வேண்டும். போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஒருவர் அவர்களுக்காகத் திட்டம் எழுதினால், அந்தத் திட்டத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்பு பற்றிச் சித்தி கேட்டார்கள், நியாயமான கேள்வி. 2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பயிற்சிக்கு வருகிறவர்களும், சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்கிறவர்களும் அதில் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமானால் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சென்னை அலுவலகத்தில் இருக்கிறது. சேருகிற அன்றே ஒரு கொள்கைத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள், குழந்தைகளைப் படமெடுப்பது பற்றிய விதிகளும் அதில் இருக்கும். ஒன்பது பேர் இருக்கிற இடத்தில் உள் குழு கட்டாயமில்லை. அங்கே புகார் என்றால் மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். இது அந்த நிறுவனத்துக்கே தெரியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். தெரிந்த இடமும் தெரியாத இடமும் ஒன்றாக முடியாது.

ஆன்லைன் வழியைச் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். வீட்டில் உடம்புக்கு முடியாதவர் இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது, வெளியூர் போக விட மாட்டார்கள் என்ற நிலையில் இருக்கிற பெண்கள் எத்தனை பேர். அவர்களுக்கு இது ஒரு வாசல். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் ஆன்லைன் பிரிவில் 18 வயது ஆனவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். சம்பளம் இல்லை, வேலை முடிந்தால் சான்றிதழ் உண்டு. டிரான்ஸ்லேட்டர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ் அமைப்பில் தமிழுக்கும் மொழிபெயர்ப்பாளர்களைச் சேர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துச் செய்கிற பேரிடர் வரைபட வேலை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடு, ரோடு, குளம் எல்லாம் கோடு போட்டுக் குறிப்பது. இன்டர்வியூ இல்லை, விண்ணப்பம் இல்லை, இன்று இரவே ஆரம்பிக்கலாம். நம் ஊர் வாய்க்கால்களையே அதில் வரையலாம், பாதி இன்னும் வெற்றிடமாகத்தான் கிடக்கின்றன.

ஆனால் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பெண்ணுக்கு, அதுவும் வெளியே போக வீட்டில் சம்மதித்திருக்கிறபோது, ஒரே பிளேஸ்மென்ட்டாக இது போதாது. பல துறைகளில் களப்பணி நாள் என்று கணக்குக் கேட்பார்கள்; மடிக்கணினி முன்னே உட்கார்ந்த நாளை ஒத்துக்கொள்வார்களா என்பது அந்தந்தப் பேராசிரியரைப் பொறுத்தது. மொழிபெயர்ப்பை யாரோ ஒருவர் பார்த்துச் சரி, தப்பு என்று குறிப்பார். ஏன் தப்பு என்று உட்காரவைத்துச் சொல்ல ஆள் இருக்காது. மாலை ஆறு மணிக்கு மேல் ஜெனிவாவில் இருந்து மீட்டிங் வைப்பார்கள், அந்த நேரம் பார்த்து நம் ஊரில் கரண்ட் போகும். இதைப் பக்கத்து வேலையாக வருடம் முழுக்கச் செய், விடுமுறையை இதற்குக் கொடுக்காதே என்றேன்.

பணம். இதைத் தனியாகப் பேச வேண்டும். சென்னையில் ஹாஸ்டல் மாதம் 7,000 என்று விசாரித்து வைத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு 14,000, அதற்கு மேல் காலை, இரவுச் சாப்பாடு. பெரிய நிறுவனத்தில் ஸ்டைபெண்ட் தர மாட்டார்களா என்று சித்தப்பாவுக்கு ஆச்சரியம். ஐ.நா. தலைமைச் செயலகமே இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை சித்தப்பா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்பா அறுத்த பணம் மே மாதத்தில் யார் வீட்டில் இருக்கிறது? ஜூனில் தண்ணீர் வந்தால் குறுவைக்கு உழவு, விதை, உரம் என்று கை நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் 14,000 என்பது மகளின் படிப்புச் செலவு மட்டுமில்லை, நாற்றங்காலில் இருந்து எடுக்கிற பணம். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. சென்னையில் சொந்த வீடு இருக்கிற பிள்ளைகள்தான் அந்த நாற்காலிகளில் மறுபடி மறுபடி வந்து உட்காருகிறார்கள். பிறகு "ஆறு மா" வந்தால் பிடிக்க யார் இருப்பார்கள்?

வேதாரண்யத்தில் என்னுடைய அத்தை வீடு இருக்கிறது. அங்கே தங்கிக்கொள்ளலாம். ஊர்களுக்குப் போகிற சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 3,000 ரூபாய் மிச்சமே ஆகலாம். உறவுக்காரர் வீடு இல்லாத பிள்ளைக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறும். நிறுவனமே ஓர் அறை தருமா, பெண்கள் தங்கிய முன்னனுபவம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

ஆக நான் அவளுக்குச் சொன்னது இது. இந்த வருடம் வேதாரண்யம். அடுத்த வருடம் இரண்டாமாண்டுப் பிளேஸ்மென்ட்டுக்குச் சென்னை. அதற்கான பணத்தைச் சித்தப்பா தைக்குப் பிறகு எடுத்துவைக்கட்டும், அறுவடைக் காசு கையில் இருக்கும். இந்த வரிசை மாறக் கூடாது. ஆனால் இதையே எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கஜா நேரத்தில் ஊரில் வேலை செய்தவர்கள், என்எஸ்எஸ்ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இரண்டு ஆண்டுக்குரிய 240 மணி நேரத்தையும் பேருக்கு இல்லாமல் உண்மையாகவே தெருவில் கழித்தவர்கள், ஊர்ப் பட்டியல் போடுகிற இடத்தில் வளர்ந்தவர்கள் நேரே சென்னை போகலாம், போக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருக்கிறவர்களுக்கும் அந்த இரண்டு மாதம் மருந்து மாதிரி. எனக்கு இருந்தது.

வேதாரண்யத்துக்கும் ஒரு நிபந்தனை வைத்தேன். போவதற்கு முன்னே மூன்று கேள்வி கேட்டு மின்னஞ்சல் போடு. நான் எழுதுகிற களக் குறிப்பை யார் படித்துத் திருத்துவார்கள்? வாரத்தில் எத்தனை நாள் ஊருக்குள், எத்தனை நாள் அலுவலகத்தில்? புகார் என்றால் யாரிடம் போவது? மூன்றுக்கும் பதில் வந்தால் பெட்டியைக் கட்டு. முதல் கேள்விக்கு மழுப்பினால் சென்னையைப் பற்றி மறுபடி பேசுவோம், பணத்துக்கு நானும் கொஞ்சம் பார்க்கிறேன். திருத்த ஆள் இல்லாத இடத்தில் உப்பளமாக இருந்தால் என்ன, ஐ.நா.வாக இருந்தால் என்ன.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மா தமிழிலேயே எழுதியிருந்தார். நான்கு நாள் ஊருக்குள், ஒரு நாள் அலுவலகம். குறிப்பை வாரம் ஒருமுறை தானே உட்கார்ந்து படிப்பதாகவும், "எனக்கு இங்கிலீஷ் சுமார்தான், தமிழில் எழுதினால் நன்றாகத் திருத்துவேன்" என்றும் சொல்லியிருந்தார். அந்த வரியைப் படித்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மறந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். திங்கட்கிழமை போன் செய்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். சென்னை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.